மூன்று நோயாளிகளின் விவரத்தை ஒரு தளத்தில் ஒட்டிவிட்டேன்

கேள்வி: மதுரையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். ஒரு மருத்துவமனையின் லேப் ரிசல்ட்டுகள் எங்களுக்கு ஜேசான் (தகவலைப் பெயரும் மதிப்புமாக எழுதும் உரை வடிவம்) கோப்புகளாக வருகின்றன. ஒரு கோப்பில் 140 ஃபீல்டு, அதாவது தகவல் இடங்கள். அத்தனைக்கும் டைப்ஸ்கிரிப்ட் நிரல்மொழியில் கையால் டைப் (எந்த ஃபீல்டில் எண் வரும், எதில் எழுத்து வரும் என்ற வரையறை) எழுதி மாளவில்லை. ஜேசானை ஒட்டினால் டைப்பாக மாற்றித் தரும் ஒரு தளத்தில் மூன்று பேருடைய ரிசல்ட்டை அப்படியே ஒட்டி, வந்ததை எடுத்துப் பயன்படுத்தினேன். டீம் லீட் பார்த்துவிட்டு, "நோயாளி விவரத்தை எங்கே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறாய் தெரியுமா?" என்று கோபப்பட்டார். அந்த டைப்பும் சரியாக உதவவில்லை. சில நோயாளிகளுக்குத் திரை வெறுமையாக நின்றுவிடுகிறது. 20240311000045871 என்று வரும் நோயாளி எண் திரையில் 20240311000045870 என்று தெரிகிறது. இனிமேல் கையால்தான் எழுத வேண்டுமா? என் பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கையால் எழுத வேண்டாம். 140 ஃபீல்டைக் கையால் தட்டினால் எங்கோ ஓர் எழுத்து பிசகும், அதைத் தேடி ஒரு மாலை முழுக்கப் போகும். இயந்திரத்திடம் கொடுக்க வேண்டிய வேலையைத்தான் இயந்திரத்திடம் கொடுத்தீர்கள். அதை உங்கள் கணினிக்குள்ளேயே செய்திருக்கலாம் என்பது ஒன்றுதான் உங்களுக்குத் தெரியாமல் போனது.

முதலில் நடந்ததைச் சரிசெய்வோம். எந்தத் தளம், எந்தத் தேதி, எந்த மூன்று நோயாளிகள், என்னென்ன ஃபீல்டுகள் என்று ஒரு பக்கத்தில் எழுதி டீம் லீடிடம் கொடுங்கள். அவர் ஏற்கெனவே கோபப்பட்டுவிட்டார் என்பதால் விஷயம் முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். நிறுவனம் அதை மருத்துவமனைக்குச் சொல்லியாக வேண்டும். 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைச் சேகரித்தவர் மேல்தான் பொறுப்பை வைக்கிறது. அவருக்காக வேலை செய்யும் நிறுவனம் செய்த தவறுக்கும் அவரே பதில் சொல்ல வேண்டும். போதிய பாதுகாப்பு எடுக்கவில்லை என்றால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அதனால் மருத்துவமனை இதை உங்களிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொள்வதே எல்லோருக்கும் நல்லது. ஒட்டிய கோப்பில் டோக்கன், ஏபிஐ கீ போன்ற அணுகல் சாவியோ பாஸ்வேர்டோ ஏதாவது இருந்ததா என்றும் பாருங்கள். இருந்தால் இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். அந்தத் தளத்தில் சேமிக்கும் பட்டனையோ இணைப்பைப் பகிரும் பட்டனையோ அழுத்தியிருந்தால், அந்த இணைப்பைத் திறந்து அழிக்க வழி இருக்கிறதா பாருங்கள்.

டீம் லீட் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. 2025 நவம்பரில் வாட்ச்டவர் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஜேசானை ஒழுங்குபடுத்தித் தரும் பிரபலமான இரண்டு தளங்களில், மக்கள் சேமித்து வைத்த 80,000க்கும் மேற்பட்ட ஒட்டல்களை அவர்கள் திரட்டினார்கள். எதையும் உடைத்துக்கொண்டு உள்ளே போகவில்லை. சமீபத்திய இணைப்புகள் என்று தளமே ஒரு பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தது. வங்கிகள், அரசு அலுவலகங்கள், மருத்துவத் துறை என்று பல இடத்துப் பாஸ்வேர்டுகளும் தனிப்பட்ட விவரங்களும் அவற்றில் கிடந்தன. போலியான கிளவுட் சாவி ஒன்றை அவர்களே அங்கே வைத்துப் பார்த்தார்கள். இரண்டு நாளில் யாரோ அதைப் போட்டுத் திறந்து பார்க்க முயன்றிருக்கிறார்கள். ஒட்டியவர்கள் எல்லோரும் உங்களைப் போல அவசரத்தில் வேலையை முடிக்கப் பார்த்தவர்கள்தான்.

எல்லாத் தளங்களும் சர்வருக்கு அனுப்புவதில்லை. பல கருவிகள் பிரவுசருக்குள்ளேயே கணக்குப் போட்டு முடித்துவிடும். எது எந்த ரகம் என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. பிரவுசரின் தனிப்பட்ட (இன்காக்னிட்டோ) சாளரத்தில் தளத்தைத் திறந்து, வைஃபையை அணைத்துவிட்டு, ஏதாவது பொய்யான ஜேசானை ஒட்டுங்கள். டைப் வந்தால் மாற்றும் வேலை பிரவுசருக்குள் நடக்கிறது. வராமல் சுற்றிக்கொண்டே இருந்தால் அது சர்வருக்குப் போகிறது. ஆனால் இந்தச் சோதனையில் தேறிய தளத்திலும் நோயாளி விவரத்தை ஒட்ட வேண்டாம். ஒட்டியதை அது பிரவுசரின் சேமிப்பில் வைத்திருந்து, இணையம் திரும்பியதும் அனுப்பலாம். நாளைக்குத் தளத்தின் நிரல் மாறலாம். பிரவுசரில் நீங்கள் போட்டு வைத்திருக்கும் எக்ஸ்டென்ஷன் அந்தப் பக்கத்தைப் படிக்கலாம். விண்டோஸில் கிளிப்போர்டு வரலாறு வேறு கணினிகளோடு ஒத்திசைக்கப்பட்டிருந்தால், காப்பி செய்த உடனேயே விவரம் உங்கள் மேசையை விட்டுப் போயிருக்கும். சாட்ஜிபிடி போன்ற உரையாடல் பெட்டிகளில் ஒட்டுவதும் இதே கதைதான்.

சரி, கணினிக்குள்ளேயே எப்படிச் செய்வது? உங்களுக்கு டைப்ஸ்கிரிப்ட் வேண்டும் என்பதால் குவிக்டைப் என்ற திறந்த மூலக் கருவியைச் சொல்வேன். என்பிஎம் என்ற நிறுவும் கருவி வழியாக ஒருமுறை நிறுவினால் போதும், டெர்மினலில் ஒரே வரி. கோப்பின் பெயரையும் வேண்டிய மொழியையும் கொடுத்தால் டைப் கோப்பு வந்துவிடும். நிறுவும்போது மட்டும் இணையம் வேண்டும். அப்புறம் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஓட்டுங்கள், ஓடும். பைத்தானில் வேலை செய்பவர்களுக்கு டேட்டாமாடல் கோட் ஜெனரேட்டர் இருக்கிறது, பைடான்டிக் மாடலாக எழுதித் தரும். சி ஷார்ப்காரர்கள் பெரும்பாலும் எதையும் தனியாக நிறுவ வேண்டியதில்லை. விஷுவல் ஸ்டுடியோவின் எடிட் மெனுவில் பேஸ்ட் ஸ்பெஷலுக்குள்ளேயே, ஜேசானைக் கிளாஸாக ஒட்டும் வசதி பல வருடமாக இருக்கிறது. பக்கத்து மேசைக்காரருக்குச் சொல்லிப் பாருங்கள், பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது.

கணினிக்குள் செய்வது பாதுகாப்புக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். உங்கள் இரண்டாவது பிரச்சினைக்கும் வழி அங்கேதான் இருக்கிறது.

தளத்தில் மூன்று நோயாளிகளின் விவரத்தைத்தான் ஒட்டினீர்கள். மொத்தத்தையும் ஒட்ட உங்களுக்கே மனம் வந்திருக்காது. ஆனால் இந்தக் கருவிகள் டைப்பை ஊகித்துத்தான் எழுதுகின்றன. பார்த்த மாதிரிகளில் ஒரு ஃபீல்டு எப்போதும் இருந்தால், அது கட்டாயம் இருக்கும் என்று எழுதிவிடும். எங்கும் நல் (null, மதிப்பே இல்லை என்பதற்கான குறி) வரவில்லை என்றால், நல் வரவே வராது என்று முடிவு செய்துவிடும். அந்த மூன்று பேருக்கும் பரிந்துரைத்த மருத்துவர் இருந்திருப்பார். நேராக லேபுக்கு வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவருக்கு அந்த இடம் நல். உங்கள் நிரல் அந்த நல்லுக்குள் பெயரைத் தேடப்போய் விழுகிறது. திரை வெறுமையாக நிற்பதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பிழைகளைக் காட்டும் பிரவுசரின் கன்சோலைத் திறந்தால் நிரல் எந்த வரியில் விழுந்தது என்று சொல்லும்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில வருடம் முன்பு ஒரு பார்சல் நிறுவனத்துக்கு கோ மொழியில் ஒரு சேவை எழுதினோம். எடை என்ற ஃபீல்டு மாதிரியில் 5 என்று இருந்தது. கருவி அதை முழு எண் என்று எழுதியது, நாங்களும் அப்படியே எடுத்துக்கொண்டோம். நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் இரவு யாரோ 5.5 கிலோ பார்சல் ஒன்றைப் பதிவு செய்தார்கள். கோ மொழியில் ஜேசானைப் படிக்கும் நூலகம் (தயார் நிரல்தொகுப்பு) தசம எண்ணை முழு எண் ஃபீல்டில் போடாது, பிழை என்று திருப்பி அனுப்பும். அந்தப் பார்சல் இருந்த தொகுப்பு முழுவதும் தேங்கி நின்றது. அனுப்பிய பக்கம் ஜாவாஸ்கிரிப்ட். அதில் 5.0 என்று வைத்திருந்தாலும் ஜேசானாக மாற்றும்போது வெறும் 5 என்றுதான் எழுதும். ஒரே ஒரு மாதிரியை மட்டும் வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியாலும் முடியாது.

ஆகவே மருத்துவமனை உங்களுக்குக் கொடுத்திருக்கும் கோப்புகள் 500 என்றால் 500ஐயும் கொடுங்கள். இரண்டாயிரம் என்றால் இரண்டாயிரம். ஜேக்யூ என்ற சிறிய கருவியில் ஸ்லர்ப் என்று ஒரு தேர்வு உண்டு, அது எல்லாக் கோப்புகளையும் ஒரே பட்டியலாகச் சேர்த்துவிடும். அந்தப் பட்டியலைக் குவிக்டைப்பிடம் கொடுத்தால், சிலரிடம் மட்டும் இருக்கும் ஃபீல்டுக்குக் கேள்விக்குறி போடும், நல் வரும் ஃபீல்டில் நல்லையும் சேர்க்கும், சில இடத்தில் எண்ணும் சில இடத்தில் எழுத்தும் வந்தால் இரண்டையும் குறிக்கும். இவ்வளவு உண்மையான தரவைக் கொடுக்கத் துணிய, எதுவும் வெளியே போகாத உங்கள் கணினி ஒன்றில்தான் முடியும்.

இனி அந்த நோயாளி எண். கடிதத்தில் நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள், ஆனால் என்னைப் பொறுத்தவரை இருப்பதிலேயே ஆபத்தானது இதுதான். ஜேசானுக்கு எண் என்றால் எண், எவ்வளவு பெரியது என்ற வரம்பு கிடையாது. ஜாவாஸ்கிரிப்ட் அதை 64 பிட் மிதவை எண்ணாக (தசம எண்களுக்கான வடிவத்தில்) வாங்கிக்கொள்கிறது. அதில் 9007199254740991 வரைதான் ஒவ்வொரு முழு எண்ணுக்கும் தனி இடம். உங்கள் எண் 17 இலக்கம், அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. அந்த உயரத்தில் நான்கு நான்காகத்தான் இடம் இருக்கிறது. 45870, 45871, 45872, 45873, 45874 என்று முடியும் ஐந்து எண்களும் ஒரே இடத்தில் போய் உட்காரும், திரையில் ஐந்துமே 45870 என்று தெரியும். பிரவுசரின் கன்சோலில் நீங்களே தட்டிப் பாருங்கள். ஒரே நாளில் அடுத்தடுத்துப் பதிவு செய்த ஐந்து நோயாளிகள் உங்கள் மென்பொருளில் ஒருவராகிவிடுகிறார்கள். ஒருவருடைய சர்க்கரை அளவு இன்னொருவர் பெயரில் வந்து நிற்கும். இதைச் சரிசெய்யும் வரை அந்தத் திரையை யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள்.

டைப்பில் நம்பர் என்று இருப்பதை ஸ்ட்ரிங் (எழுத்து) என்று மாற்றினால் இது தீராது. ஜேசானைப் பிரிக்கும் அந்த நொடியிலேயே இலக்கம் போய்விடுகிறது. மேலும் டைப்ஸ்கிரிப்டின் டைப் எல்லாம் கம்பைல் ஆகும்போதே அழிந்துவிடும், ஓடும்போது எதையும் காவல் காக்காது. மருத்துவமனை அந்த எண்ணை மேற்கோள் குறிக்குள் எழுத்தாக அனுப்புவதே நிரந்தரத் தீர்வு. ட்விட்டர் 2010இல் பதிவு எண்களைப் பெரிதாக்கியபோது இதே சிக்கலுக்காகத்தான், எண்ணோடு சேர்த்து அதையே எழுத்து வடிவிலும் ஒரு தனி ஃபீல்டில் கொடுக்கத் தொடங்கியது. மருத்துவமனை மாற்றித் தரும்வரை லாஸ்லெஸ் ஜேசான் போன்ற நூலகத்தால் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு வழக்கம் சொல்கிறேன்: கூட்டிக் கழிக்க மாட்டோம் என்கிற எந்த எண்ணையும், நோயாளி எண், வங்கிக் கணக்கு எண், போன் நம்பர், பின்கோடு எதுவானாலும், எழுத்தாகவே வைத்திருங்கள்.

கருவி தந்த டைப்பை வாங்கியதும் ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள். 140 ஃபீல்டு என்றால் அரை மணி நேரம். குவிக்டைப்பிடம் வெறும் டைப் மட்டும் போதும் என்று சொல்லாவிட்டால், ஓடும்போது சோதிக்கும் நிரலையும் சேர்த்தே தரும். அதை வைத்துக்கொள்ளுங்கள். தரவு உள்ளே நுழையும் இடத்திலேயே, இந்த ஃபீல்டில் இது வரவில்லை என்று சத்தம் போடும். ஓடும்போது தரவைச் சோதிக்கும் சோட் என்ற நூலகம் உங்கள் குழுவில் பழக்கம் என்றால் அந்த வடிவிலும் தரச் சொல்லலாம்.

படிக்கும்போது ஈனம்களின் (enum, இன்ன சொற்கள் மட்டுமே வரலாம் என்ற பட்டியல்) மேல் ஒரு கண் இருக்கட்டும். ஒரே சில சொற்கள் திரும்பத் திரும்ப வந்தால், இவ்வளவுதான் வரும்போல என்று கருவி ஒரு ஈனம் கட்டிவிடும். ரத்த வகை ஃபீல்டில் ஏபி நெகட்டிவ் உங்கள் மாதிரியில் இல்லையென்றால் ஈனத்திலும் இருக்காது. எட்டு வகையையும் நீங்களே சேர்த்தால் முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. 1952இல் மும்பையில் கண்டறிந்த பாம்பே ரத்த வகை இந்த எட்டில் அடங்காது. ரத்த வங்கி வைத்திருக்கும் மருத்துவமனைக்கு அப்படி ஒருவர் என்றாவது வரலாம். அதனால் அந்த ஃபீல்டை எழுத்தாக வாங்கி, தெரியாத வகை வந்தால் மனிதர் ஒருவர் பார்க்கும்படி வையுங்கள். ஈனம் வேண்டாம் என்றே கருவியிடம் சொல்லவும் தேர்வு இருக்கிறது.

இதே ஈனத்தில் இன்னொரு பொறி உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் கணினிக்குள் செய்ததன் பலனே போய்விடும். லேபில் ஆறு மருத்துவர்கள் கையெழுத்திடுகிறார்கள் என்று வையுங்கள். அந்த ஆறு பெயரும் திரும்பத் திரும்ப வருவதால், கருவி அவர்களையும் ஈனமாக்கி நிரலுக்குள் எழுதிவிடலாம். நோயாளியின் போன் நம்பரைச் சாவியாக வைத்து ஒரு தொகுப்பு வந்தால், அந்த நம்பர்களே ஃபீல்டு பெயர்களாக உட்கார்ந்துவிடலாம். சாவிகளின் பெயரைப் பார்த்து, இது வகுப்பா (நிலையான ஃபீல்டு பெயர்கள்) மேப்பா (ஆளுக்கு ஆள் மாறும் சாவிகள்) என்று கருவி ஊகிக்கத்தான் செய்யும், ஆனால் எப்போதும் சரியாக ஊகிக்காது. அதைக் கவனிக்காமல், குழு நிரலைப் பகிர்ந்து வைக்கும் கிட்டில் ஏற்றினால், யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று காத்த விவரம் நிரலோடு சேர்ந்து எல்லோர் கணினிக்கும் போகும். பிறகு அழித்தாலும் கிட் வரலாற்றில் கிடக்கும். ஏற்றும் முன் டைப் கோப்பில் மனிதப் பெயரும் நீண்ட எண்ணும் தேடிப் பாருங்கள். மாதிரித் தரவு இருக்கும் ஃபோல்டரை முதல் வேலையாகக் கிட் இக்னோரில் (கிட் எடுத்துக்கொள்ளக் கூடாதவற்றின் பட்டியலில்) போடுங்கள்.

இவ்வளவும் மாதிரித் தரவை விட்டால் வேறு கதியில்லை என்ற நிலையில்தான். மருத்துவமனையிடம் ஃபீல்டுகளின் வடிவத்தை விவரிக்கும் ஜேசான் ஸ்கீமாவோ ஓப்பன் ஏபிஐ கோப்போ இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் ஒரு நோயாளியின் விவரமும் தேவையில்லை, ஜேசான் ஸ்கீமா என்றால் அதே குவிக்டைப் அதிலிருந்தே டைப் எழுதும். அதில் ஊகம் குறைவு, எது கட்டாயம் எது விருப்பம் என்று அவர்களே சொல்லியிருப்பார்கள். அவர்கள் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தோடு இணைந்திருந்தால், தரவு ஃபயர் என்ற மருத்துவத் தரவு நியமத்தில் இருக்கவும் வாய்ப்பு உண்டு. அந்தத் திட்டம் ஃபயரின் நான்காம் வெளியீட்டைத்தான் பயன்படுத்துகிறது. அதற்கு டைப்ஸ்கிரிப்ட் டைப்புகள் ஏற்கெனவே என்பிஎம்மில் தயாராகக் கிடைக்கின்றன, நீங்கள் உருவாக்கவே வேண்டாம்.

எப்போதாவது வெளியே யாரிடமாவது காட்டி உதவி கேட்க வேண்டியிருந்தால், வடிவத்தை மட்டும் அனுப்புங்கள். ஒவ்வொரு மதிப்பையும் வேறொன்றாக மாற்றும் சிறு நிரல் எழுதிக்கொள்ளலாம், ஜேக்யூவிலேயே முடியும். எழுத்துக்கு எழுத்து, முழு எண்ணுக்கு முழு எண், தசமத்துக்குத் தசமம், நல் இருந்த இடத்தில் நல். வெற்றுப் பட்டியலை வெற்றாகவே விடுங்கள். கையால் மாற்றாதீர்கள். கையால் மாற்றும்போது நல் இருந்த இடத்தை நம்மை அறியாமல் ஏதாவது ஒரு பெயரால் நிரப்பிவிடுவோம், கேட்க வந்த பிரச்சினையே மறைந்துபோகும்.

கடைசியாக, மருத்துவமனையின் தொழில்நுட்பக் குழுவுக்கு அனுப்ப ஒரு மின்னஞ்சல் எழுதித் தருகிறேன். டீம் லீடிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்:

"வணக்கம். உங்கள் லேப் ரிசல்ட் கோப்புகளில் நோயாளி எண் 17 இலக்க எண்ணாக வருகிறது. ஜாவாஸ்கிரிப்ட் வழக்கமான முறையில் படிக்கும்போது அதன் கடைசி இலக்கம் மாறிவிடலாம், அடுத்தடுத்த நோயாளிகள் ஒருவராகத் தெரிவார்கள். அந்த எண்ணை மேற்கோள் குறிக்குள் எழுத்தாக அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம். மாற்றும் தேதியை முன்கூட்டியே சொன்னால் எங்கள் பக்கமும் அன்றே மாற்றிவிடுகிறோம். இந்தக் கோப்புகளுக்கு ஜேசான் ஸ்கீமா இருந்தால் அதையும் அனுப்புங்கள். இல்லையென்றால், எந்தெந்த ஃபீல்டு வராமல் போகலாம், எவற்றில் நல் வரலாம் என்ற பட்டியல் மட்டும் போதும். சோதனைக்கு இனி உண்மையான நோயாளி விவரம் வேண்டாம்."